கொச்சபம்பா பள்ளத்தாக்குன்னா தண்ணி சண்டை மட்டும்தானா?

கேள்வி – 9 மே, இரவு 10.40

பொலிவியால கொச்சபம்பான்னு ஒரு ஊரு. 2000ல தண்ணிய தனியார்கிட்ட குடுத்தாங்க, ஜனம் தெருவுக்கு வந்து கம்பெனிய விரட்டிட்டாங்க. எந்த மேடைல பாத்தாலும் இந்த ஒரு கதையத்தான் சொல்றாங்க. அதுக்கு முன்னாடி அந்தப் பள்ளத்தாக்குல சொல்ற மாதிரி ஒண்ணுமே நடக்கலையா? இன்கா, ஸ்பானியர் சமாச்சாரம்லாம் பெரு பக்கம்தானே? தெரிஞ்சவங்க எழுதுங்க.

9 மே, இரவு 11.50

பெரு பக்கம்தான்னு யாரு சொன்னா. பொலிவியான்னு ஒரு நாடே 1825லதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி அந்த மலையெல்லாம் ஒரே தொடர்ச்சிதான். ஸ்பானியர் வர்றதுக்கு முன்னாடி அந்த மலைகள ஆண்ட இன்காக்கள் பண்ணதுலயே பெரிய விவசாய வேலை எதுன்னு கேட்டா நான் அவங்க தலைநகர் குஸ்கோவ சொல்ல மாட்டேன், கொச்சபம்பாவத்தான் சொல்லுவேன். இப்ப தூக்கம் வருது, நாளைக்கு எழுதறேன்.

10 மே, காலை 7.15

முதல்ல இடத்த புரிஞ்சுக்கணும், இல்லன்னா மத்தது எதுவும் ஒட்டாது. மேற்குல அல்திப்ளானோன்னு பீடபூமி, 3,700 மீட்டருக்கு மேல, குளிரு, காத்து, உருளைக்கிழங்கும் கீன்வாவும் வரும், மக்காச்சோளம் ஒழுங்கா வராது. கிழக்குல இறங்குனா சப்பாரே, மழைக்காடு, கோகா. நடுவுல சுமார் 2,550 மீட்டர்ல இந்தப் பள்ளத்தாக்கு, அதிக குளிரும் இல்ல அதிக வெயிலும் இல்ல, மண்ணு நல்ல மண்ணு, மக்காச்சோளம் செழிப்பா வரும். அதனால மேல எவன் ராஜ்ஜியம் பண்ணாலும் அவனுக்கு இந்த எடத்து மேல ஒரு கண்ணு. தியவனாக்கு காலத்து பாணிப் பானைகள் இங்க நிறைய கிடைச்சிருக்கு, அதாவது இன்காவுக்குப் பல நூறு வருஷம் முன்னாடியே தித்திகாக்கா ஏரிப் பக்கத்து ஆளுங்களோட போக்குவரத்து இருந்திருக்கு.

ஒண்ணே ஒண்ணு மனசுல வச்சுக்கங்க: இந்தப் பள்ளத்தாக்கு எப்பவும் வேற யாருக்கோ களஞ்சியம். இன்கா படைக்கு, அப்புறம் வெள்ளிச் சுரங்கத்துக்கு, அப்புறம் தகரச் சுரங்கத்துக்கு. விளையறது இங்க, தின்னது வேற எங்கயோ. 2000 சண்டையக்கூட நான் அங்கேந்துதான் பாக்கறேன்.

10 மே, இரவு 9.30

இன்கா சமாச்சாரம். ஹுவாய்னா கபாக்னு ராஜா, ஸ்பானியர் வர்றதுக்கு முந்தின தலைமுறை. அவரு என்ன பண்ணாருன்னா, இங்க ஏற்கனவே இருந்த கோத்தா, சுய் ஜனங்கள்ல பெரும்பகுதிய கிளப்பி கிழக்கால போக்கோனா பக்கம் எல்லைக் காவலுக்கு அனுப்பிட்டாரு, ஏன்னா காட்டுப் பக்கத்துலேந்து சிரிகுவானோக்கள் வந்து அடிச்சுகிட்டே இருந்தாங்க. சிப்பே சிப்பே ஜனத்த மட்டும் விட்டு வச்சாரு. காலியான நிலத்துல சாம்ராஜ்யத்தோட பல மூலைலேந்து சுமார் 14,000 பேரக் கொண்டுவந்து இறக்குனாரு. கொஞ்சப் பேரு நிரந்தரமா குடியேறுனவங்க, மத்தவங்க பருவத்துக்கு வந்து வேல செஞ்சுட்டுத் திரும்புறவங்க. நிலத்த நீள நீளமா பட்டை பட்டையா வெட்டி, இந்தப் பட்டை இந்தக் கூட்டத்துக்குன்னு பிரிச்சுக் குடுத்தாச்சு. பெரும்பாலான பட்டைல வெளைஞ்சது ராஜாவுக்கு, சில பட்டைங்க மட்டும் வேல செய்றவங்க சாப்பாட்டுக்கு. மக்காச்சோளம் லாமாங்கற சுமை தூக்குற மலை விலங்கு முதுகுல ஏறி பாரியாங்கற இடத்துக்குப் போகும், அங்கேந்து குஸ்கோவுக்கு. பெருமளவு படைக்குத்தான்.

அந்த மக்காச்சோளத்த வச்ச எடம் கோத்தாபாச்சி, கில்லாகோல்லோ பக்கத்துல ஒரு மேடு. சுமார் 2,400 கிடங்கு. எல்லாம் வட்டம், குறுக்க மூணு மீட்டர் இருக்கும், வரிசை வரிசையா. மேட்டு மேல கட்டுனதே காத்து வாங்குறதுக்கு, தானியம் பூஞ்சை பிடிக்காம இருக்கணும்ல. நான் அங்க வேலை விஷயமா இருந்தப்ப ஒரு ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்தேன். பாத்ததும் சப்புனு ஆயிடும், சொல்லிடறேன். சுவரெல்லாம் இல்ல, கல்லு வட்டம் தரையோட தரையா கெடக்கும், நடுவுல முள்ளுச்செடி, ஆட்டுப் புழுக்க. ரெண்டாவது வரிசை, மூணாவது வரிசைன்னு நடந்துகிட்டே இருந்தா முடியவே முடியாது, அப்பதான் உறைக்கும் எவ்வளவு சோளம்னு.

11 மே, காலை 8.05

"இதெல்லாம் எப்படித் தெரியும், இன்காவுக்கு எழுத்தே இல்லையே"ன்னு ஒருத்தர் கேட்டிருக்காரு. நல்ல கேள்வி. பதில்: கோர்ட்டு கேஸு.

1556ல இந்தப் பள்ளத்தாக்கு நிலத்துக்காக ஒரு வழக்கு. ஸ்பானியர் வந்ததும் வெளியூர்லேந்து கொண்டுவந்த ஆளுங்க பலபேரு அவங்கவங்க ஊருக்குத் திரும்பிட்டாங்க, ஆனா அவங்க தலைவர்கள் அந்தப் பட்டைய விட மனசில்லாம உரிமை கேட்டாங்க. சிப்பே சிப்பே ஆளுங்களோ இது எங்க மண்ணுன்னாங்க. சாட்சி சொல்ல வந்தவங்கள்ல ஹுவாய்னா கபாக் காலத்த நேர்ல பாத்த கிழவங்க உண்டு. எந்தப் பட்டை எந்தக் கூட்டத்துக்கு, எது ராஜாவுக்கு, எது சோத்துக்குன்னு வரிசையா சொல்லிருக்காங்க, எழுத்தர் எழுதிகிட்டாரு. அதுல ஒரு கட்சி போலோ தே ஒந்தெகார்தோ, இன்கா நிர்வாகத்தப் பத்தி விவரமா எழுதி வச்ச அதே ஸ்பானிய வக்கீல், அவருக்கு இங்க ஜனங்ககிட்ட கப்பம் வாங்குற உரிமை இருந்துச்சு. ஆராய்ச்சி பண்றவரே சொத்து வழக்குல பார்ட்டி. சிப்பே சிப்பேங்கற பேர ஞாபகம் வச்சுக்கங்க, திரும்ப வரும்.

11 மே, மதியம் 1.20

இன்கா காலத்து கெச்சுவா மொழி பத்தி கேட்டதுக்கு: ஆமா, இன்னைக்கும் பள்ளத்தாக்கு கிராமத்துல கெச்சுவாதான். சந்தைல ஸ்பானிஷும் கெச்சுவாவும் ஒரே வாக்கியத்துல கலந்து ஓடும்.

13 மே, இரவு 10.10

ஸ்பானியர் காலம். ஊர ரெண்டு தடவ ஸ்தாபிச்சாங்க, 1571ல ஒரு தடவ, 1574 ஜனவரி 1 ஒரு தடவ, வில்யா தே ஒரோபேசான்னு பேரு. அந்தச் சடங்க விட பொதோசிதான் முக்கியம். 1545ல பொதோசி மலைல வெள்ளி கிடைக்குது, கொஞ்ச வருஷத்துல 4,000 மீட்டர் உயரத்துல ஒரு புல்லு முளைக்காத எடத்துல பெரிய நகரம். அவங்க திங்கணும், குடிக்கணும். கோதுமை மாவும் மக்காச்சோளமும் எங்கேந்து? இங்கேந்துதான். இன்கா போட்ட அதே பாதைல அதே லாமா, கூட கோவேறு கழுதை, வாங்குற ஆளு மட்டும் மாறிட்டான்.

ஆனா இதுல ஒரு விஷயம் நடந்துச்சு. பொதோசி சுரங்கத்துக்கு கட்டாய வேல, 1570கள்ல வைஸ்ராய் தொலேதோ கொண்டுவந்த முறை. கிராமத்துப் பதிவேட்டுல "இந்தியன்"னு பேரு இருந்தா வரியும் உண்டு, மித்தாங்கற சுரங்க முறை வேலையும் உண்டு. ஊர விட்டு ஓடி இங்க பண்ணைல சேந்துட்டா தப்பிச்சுரலாம். இன்னும் நல்லது, கலப்பினம், அதாவது மெஸ்தீசோன்னு பதிஞ்சுட்டா வரியே கிடையாது. அதனால கொச்சபம்பால மெஸ்தீசோ தொகை ஏறிகிட்டே போச்சு. ரத்தம் கலந்தது பாதி, கணக்குல கலந்தது பாதின்னு வச்சுக்கங்க.

1730ல ஒரு அதிகாரி வந்தாரு, வெனேரோ இ வலேரோ, பதிவேட்டத் திரும்ப எண்ணப் போறேன்னு. மெஸ்தீசோக்களையும் இந்தியர்னு எழுதப் போறாங்கன்னு பேச்சு பரவிருச்சு. வெள்ளி வேல செய்ற அலேஹோ கலதாயூத் தலைமைல நவம்பர் கடைசில ஊரே எந்திரிச்சிருச்சு. நகரத்தப் பிடிச்சாங்க, ஒப்பந்தம் போட்டாங்க, அப்புறம் கூட இருந்தவனே காட்டிக் குடுத்து ஜனவரி 1731ல கலதாயூத்தக் கொன்னுட்டாங்க. 1780ல பெருல ஸ்பானியருக்கு எதிரா நடந்த தூபாக் அமாரு கலகத்துக்கு அம்பது வருஷம் முன்னாடி இது. நம்ம ஆளுங்க தூபாக் அமாருவ மட்டும் தெரிஞ்சு வச்சிருக்கோம்.

14 மே, காலை 6.50

நேத்து எழுதினதப் படிச்சு ஒருத்தர், "அப்ப இவங்க வரி ஏய்ப்பு வீரர்களா"ன்னு சிரிச்சிருக்காரு. சிரிங்க, ஆனா உண்மை அதான். வரிப் பதிவேட்டுல எந்தப் பக்கம் இருக்கோம்கறதுதான் அங்க சாப்பாடு, உசுரு எல்லாம்.

17 மே, இரவு 9.00

சிச்சா பத்தி எழுதச் சொல்லி மூணு பேரு. வரலாறு திரட்டுல இதத்தான் கேப்பீங்கன்னு தெரியும்.

மக்காச்சோள பீர்தான், கொஞ்சம் புளிப்பு. பழைய முறைல மாவ உருட்டி பொம்பளைங்க வாய்ல வச்சு மென்னு துப்புவாங்க, அதுக்கு மூக்கோன்னு பேரு. எச்சில்ல இருக்குற நொதி மாவுச்சத்த சர்க்கரையா உடைக்குது, அப்புறம் காய்ச்சி, பெரிய பானைல புளிக்க விடணும். இப்ப பெரும்பாலும் முளை கட்டின சோளம்தான், எச்சில் வேணாம், பயப்படாதீங்க. கிராமத்து ரோட்டுல போனா வீட்டு வாசல்ல நீளக் குச்சில வெள்ளத் துணி தொங்கும், உள்ள சிச்சா இருக்குன்னு அர்த்தம். சுரைக் குடுவைய வெட்டுன கிண்ணத்துல குடுப்பாங்க. குடிக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் தரைல ஊத்தணும், பூமித் தாய் பச்சமாமாவுக்கு. நான் ஊத்தாம வாய்ல வச்சப்ப பக்கத்துல இருந்த கெழவி என் கையப் பிடிச்சு கிண்ணத்தச் சாய்ச்சே விட்டுட்டாங்க.

குடி கதை மட்டும் இல்ல இது. பத்தொன்பதாம் நூற்றாண்டு கடைசிலேந்து கொச்சபம்பா நகராட்சி சிச்சா மேல போட்ட வரிதான் ஊரோட பெரிய வருமானம். ரோடு, சாக்கடை, கட்டடம் எல்லாம் அந்தக் காசுல. அதே நேரத்துல "நாகரிகமான நகரத்துக்கு இது அசிங்கம்"னு சொல்லி சிச்சாக் கடைகள நடு ஊர்லேந்து தெற்குப் பக்கமா தள்ளிட்டே போனாங்க. காசு வேணும், கடை கண்ணுல படக்கூடாது. தெற்குங்கறதையும் ஞாபகம் வச்சுக்கங்க.

18 மே, மதியம் 12.30

1879-83ல சிலி கூட நடந்த பசிபிக் போர விட்டுட்டேன். பொலிவியா கடற்கரைய இழந்துச்சு, அது எல்லாருக்கும் தெரியும். கொச்சபம்பாவுக்கு வந்த அடி வேற. 1892ல அந்தோஃபகாஸ்தாலேந்து ஒரூரோ வரைக்கும் ரயில் வந்துச்சு, சிலி மாவும் வெளிநாட்டுச் சரக்கும் மலிவா சுரங்க ஊருக்கு நேரா போயிருச்சு. கழுதை முதுகுல போற கொச்சபம்பா மாவ யாரு வாங்குவா? இவங்க ஊருக்கு ரயில் 1917லதான். அதுக்குள்ள பெரிய பண்ணைக்காரங்க கடன்ல மூழ்கி, நிலத்த துண்டு துண்டா வித்தாங்க. யாரு வாங்குனா? சந்தைல சிச்சா வித்து, துணி வித்து, சிலி வெடியுப்புச் சுரங்கத்துக்குப் போயி காசு சேத்த விவசாயிங்க. பீக்கேரோன்னு சொல்ற சிறு நிலக்காரங்க. அதாவது நிலச் சீர்திருத்தச் சட்டம் வர்றதுக்கு அறுபது வருஷம் முன்னாடியே ரயில்வண்டி இங்க பாதி சீர்திருத்தத்தப் பண்ணிருச்சு, யாரும் திட்டம் போடாமலே.

21 மே, இரவு 11.15

1953. உக்குரேன்யாங்கற கிராமம், மேல் பள்ளத்தாக்குல கிளீசா பக்கம். ஆகஸ்ட் 2 அன்னைக்கு ஜனாதிபதி விக்தோர் பாஸ் எஸ்தென்சோரோ அங்க வந்துதான் நிலச் சீர்திருத்த ஆணைல கையெழுத்துப் போட்டாரு. ஏன் தலைநகர்ல போடல? ஏன்னா 1936லயே இங்க சங்கம் கட்டிட்டாங்க. பராகுவே கூட நடந்த சாக்கோ போர்லேந்து திரும்பின ஆளுங்க, சாந்தா கிளாரா கன்னிமாடத்து நிலத்த குத்தகைக்கு நாங்களே எடுக்கறோம்னு கெளம்புனாங்க. கன்னியாஸ்திரிங்க நிலம், வேல செஞ்சது இவங்க. பக்கத்துப் பண்ணைக்காரங்களுக்குத் தாங்கல, அந்த நிலத்த வாங்கி 1939ல இவங்கள வீட்ட இடிச்சுத் துரத்துனாங்க. 1952 புரட்சி வந்தப்ப சட்டத்துக்குக் காத்திருக்காம நிலத்தப் பிடிச்சாச்சு, ஆணை பின்னாடி வந்து சேந்துச்சு.

அப்புறம் சங்கங்களுக்குள்ளயே சண்டை, கிளீசா ஒரு பக்கம், உக்குரேன்யா ஒரு பக்கம், 1959லேந்து சில வருஷம் துப்பாக்கியோட. அத யாரும் மேடைல சொல்றதில்ல. அந்தச் சண்டைல நடுவுல வந்து சமாதானம் பண்ணி பேர் வாங்குனவருதான் தளபதி பார்ரியென்தோஸ், தராத்தா ஊர்க்காரரு, கெச்சுவா சரளமா பேசுவாரு, 1964ல விவசாயிகளோட ராணுவ ஒப்பந்தம்னு ஒண்ணு போட்டு, அதே வருஷம் ஆட்சியப் பிடிச்சாரு. பள்ளத்தாக்கு பத்து வருஷம் பெரும்பாலும் ராணுவ ஆட்சி பக்கமே நின்னுச்சு. ஒப்பந்தம் உடைஞ்சது 1974 ஜனவரி. சாப்பாட்டு வெலைய ஒரேடியா ஏத்துனாங்க, தொலாத்தாலயும் எப்பிசானாலயும் ரோட்ட மறிச்ச விவசாயிங்கள ராணுவம் சுட்டுச்சு. அப்ப ஆட்சில இருந்த சர்வாதிகாரி ஹுகோ பான்சேர்.

22 மே, காலை 7.40

ஆமா தம்பி, அதே பான்சேர்தான். 1997ல தேர்தல்ல ஜெயிச்சு திரும்ப வந்தாரு. 2000 ஏப்ரல்ல கொச்சபம்பா போராட்டத்த அடக்க முற்றுகை நிலை, அதாவது அவசர நிலை, அறிவிச்சது இதே ஆளு. ரெண்டு தடவையும் அதே பள்ளத்தாக்கு, ரெண்டு தடவையும் விலை ஏத்தம்.

27 மே, இரவு 8.20

இன்னைக்கு பொலிவியால அன்னையர் தினம். மத்த நாடுங்க மாதிரி பூ, கார்டு மட்டும் இல்ல. 1812 மே 27, விடுதலைப் போர் நேரம், ஸ்பானியத் தளபதி கோயெனேச்சே ஊருக்குள்ள வர்றாரு. ஆம்பளைப் படை ஏற்கனவே தோத்துப் போச்சு. சான் செபாஸ்தியான் குன்றுல பொம்பளைங்க, கெழவிங்க, புள்ளைங்க நின்னாங்க, கைல தகரத்துல வார்த்த பீரங்கி. ஊர்ல இரும்பு, வெண்கலம் இல்ல, தகரம் இருந்துச்சு. மானுவேலா கந்தாரில்யாஸ்னு கண்ணு தெரியாத வயசானவங்க முன்னாடி நின்னதா சொல்லுவாங்க. நெறைய பேர வெட்டித் தள்ளிட்டாங்க. 1927ல சட்டம் போட்டு அந்த நாள அன்னையர் தினமா ஆக்கிட்டாங்க. குன்று மேல செலை இருக்கு, சாயங்காலம் போக வேணாம், வழிப்பறி உண்டுன்னு எனக்கு எல்லாரும் சொன்னாங்க, நான் போகவும் இல்ல.

30 மே, இரவு 10.30

சரி, தண்ணிக்கு வருவோம். கேட்டவர் பொறுமையா இருக்காரு.

1985ல தகரம் வெலை விழுந்துச்சு, அரசாங்கச் சுரங்கத்துலேந்து 20,000க்கு மேல ஆளுங்கள வெளிய அனுப்புனாங்க. அதுல நெறைய பேரு கொச்சபம்பா தெற்குப் பகுதில வந்து குடியேறுனாங்க, இன்னும் நெறைய பேரு சப்பாரேக்கு கோகா போட போனாங்க. நகராட்சிக் குழாய் தெற்குக்கு வரல. அவங்களே கூட்டுறவு கட்டி கிணறு தோண்டுனாங்க, சங்கம் நடத்துன ஆளுங்கல்ல. ஊருக்கு வெளிய பாசனக்காரங்க, தலைமுறை தலைமுறையா முறை வச்சு ஓடைத் தண்ணிய பங்கிட்டுக்கறவங்க. நகரத்துக்குத் தண்ணி பத்தலன்னு 1990கள்ல குடிநீர் வாரியம் அவங்க கிராமத்துல ஆழ்துளைக் கிணறு தோண்ட வந்துச்சு, மேலோட்டக் கிணறு வத்திரும்னு ஜனம் மறிச்சாங்க. எங்கன்னு கேளுங்க: வின்தோ, சிப்பே சிப்பே. நானூத்தம்பது வருஷம் கழிச்சு அதே சிப்பே சிப்பே, அதே கேள்வி, எங்க மண்ணுல வெளியூர்க்காரனுக்கு என்ன வேலை.

இந்தச் சண்டைலேந்துதான் பாசனக்காரங்க கூட்டமைப்பு 1997ல உருவாச்சு. அப்புறம் 1999 செப்டம்பர்ல ஆகுவாஸ் தெல் துனாரிங்கற கம்பெனிக்கு 40 வருஷ ஒப்பந்தம், அக்டோபர்ல 2029ங்கற எண்ணுள்ள தண்ணிச் சட்டம். ஒப்பந்தப் பகுதிக்குள்ள தண்ணி வழங்குற உரிமை கம்பெனிக்கு மட்டும். அப்ப நாங்க தோண்டுன கிணறு? எங்க வாய்க்கால்? ஜனவரி 2000ல பில் வந்துச்சு, சில வீட்டுக்கு ரெண்டு மடங்கு. நகரத்துக்காரன் பில்லுக்காக வந்தான், பாசனக்காரன் வாய்க்காலுக்காக வந்தான், தெற்கு ஆளு கிணத்துக்காக வந்தான். ஆலைத் தொழிலாளர் சங்கத்து ஒஸ்கார் ஒலிவேரா ஒருங்கிணைப்புக் குழுவுக்கு முகமா இருந்தாரு. மார்ச்ல அவங்களே ஒரு வாக்கெடுப்பு நடத்துனாங்க, சுமார் 50,000 பேரு ஓட்டுப் போட்டாங்க. ஏப்ரல் 8 முற்றுகை நிலை, அன்னைக்கு 17 வயசுப் பையன் விக்தோர் ஹுகோ தாசா குண்டடி பட்டு செத்தான். 10ஆம் தேதி ஒப்பந்தம் ரத்துன்னு கையெழுத்து, மறுநாளே சட்டம் திருத்தம்.

மழைத் தண்ணிக்கும் வரி போட்டாங்கன்னு இங்க ரெண்டு பேரு எழுதிருக்கீங்க. மழைன்னு தனியா பேரு சொல்லி வரி போட்டதா நினைக்காதீங்க. உரிமை மொத்தத்தையும் ஒருத்தன்கிட்ட குடுத்துட்டா கூரைத் தண்ணிக்கும் நாளைக்கு மீட்டர் வரும்னு ஜனம் பயந்தாங்க, அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்துச்சு.

2 ஜூன், காலை 9.10

"அப்ப ஜெயிச்சாச்சுல்ல, இப்ப எல்லாருக்கும் தண்ணி வருதா?"

இதுலதான் எனக்கு மனசு ரெண்டா இருக்கு. கூட வேலை பாத்த பொண்ணு வீடு தெற்குல ஒரு மேட்டுல. வாசல்ல 200 லிட்டர் பீப்பா வரிசையா, ஒண்ணு பச்ச, ஒண்ணு முன்னாடி ரசாயனம் இருந்த நீலம். லாரிக்காரன் ஹாரன் அடிச்சா அவங்க அம்மா ஓடி வந்து குழாய பீப்பாக்குள்ள விட்டு, மேல வந்த நுரைய கையால ஒதுக்கி, அடில படியறதுக்கு ஒரு நாள் விட்டுத்தான் புழங்குவாங்க. குழாய் வீட்டுக்காரன் குடுக்கறத விட அதிகக் காசு, லிட்டருக்கு. 2000ல தெருவுல கல்லு பொறுக்குனவங்கதான் அந்த அம்மாவும். கேட்டா கோவமா பேசல, "கம்பெனி போச்சு, வாரியம் வந்துச்சு, குழாய் வரல"ன்னாங்க.

மிசிகூனி அணைன்னு பல பத்து வருஷத் திட்டம், மலைக்குள்ள 19 கிலோமீட்டருக்கு மேல சுரங்கப் பாதை. 2017லதான் அணைத் தண்ணி பள்ளத்தாக்குக்கு வந்துச்சு. வந்தாலும் ஊருக்குள்ள விநியோகக் குழாய் போடறது தனி வேலை, அது இழுத்துகிட்டே கெடந்துச்சு. ஜெயிச்சது உண்மை. பாசனக்காரன் வாய்க்கால் தப்பிச்சது, அது பெரிய விஷயம், சட்டத்துலயே அவங்க பழக்க உரிமைய ஏத்துகிட்டாங்க. தெற்குக்குப் பெருசா ஒண்ணும் மாறல.

4 ஜூன், இரவு 9.45

"கம்பெனிக்கு 50 மில்லியன் டாலர் நஷ்டஈடு குடுத்தாங்க"ன்னு யாரோ எழுதிருக்கீங்க. இல்ல. கேட்டாங்க, குடுக்கல. கம்பெனி 1999 கடைசில பதிவ கேமன் தீவுலேந்து நெதர்லாந்துக்கு மாத்திகிட்டு, அந்த நாட்டு ஒப்பந்தத்த வச்சு உலக வங்கியோட நடுவர் மன்றத்துல கேஸு போட்டுச்சு. ஊர் ஊரா போராட்டம், பேரு கெட்டுப் போச்சு. 2006 ஜனவரில சமரசம், பங்குகளுக்கு அடையாளத் தொகையா ரெண்டு பொலிவியானோ வாங்கிகிட்டு கெளம்பிட்டாங்க. அப்ப டாலருக்கு எட்டு பொலிவியானோ, அதாவது கால் டாலர். அந்தக் காசுக்கு சந்தைல ஒரு கிண்ணம் சிச்சா வருமான்னு கேட்டா, கடைக்காரம்மா மனச பொறுத்தது.